ஸ்னாப்ஷாட்டை அழிப்பது யார்?

சர்வரில் இருக்கும் கோப்பு முறைமையை ஸ்னாப்ஷாட் எடுக்க, அதாவது அந்த நொடியில் அது இருக்கும் நிலையைப் பிடித்து வைக்க, ஒரு வரிக் கட்டளை போதும். உள்ளே எத்தனை டெராபைட் இருந்தாலும் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதை மணிக்கு ஒருமுறை ஓட வைக்கும் டைமரை எழுதுவதும் சிறிய வேலைதான். அதனால் பலர் அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு, பேக்கப் தானாக நடக்கிறது என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். சர்வர்களோடு நெடுங்காலம் பழகிய எனக்கு அந்த நிம்மதி வருவதில்லை. ஸ்னாப்ஷாட் எடுப்பதில் நேரும் கோளாறுகள் குறைவு. எடுத்ததை எப்போது அழிப்பது, எந்தக் கணக்கின்படி அழிப்பது, அழிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற மூன்றும்தான் பேக்கப்பின் தலையெழுத்தைத் தீர்மானிக்கின்றன. புதிய சர்வர் ஒன்றை அமைக்கும்போது டைமரைத் தொடுவதற்கு முன்பே இந்த மூன்றுக்கும் பதில் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

ஸ்னாப்ஷாட் வேலை செய்யும் விதத்தைக் கவனித்தாலே இது புரிந்துவிடும். இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகள் டிஸ்க்கில் ஏற்கெனவே எழுதிய பிளாக்கின் (தரவு எழுதப்படும் சிறு துண்டின்) மேல் திரும்ப எழுதுவதில்லை. ஒரு கோப்பு மாறினால் மாறிய பகுதியை வேறொரு காலி இடத்தில் எழுதி, தரவு எங்கே இருக்கிறது என்று காட்டும் சுட்டிகளைப் புதிய இடத்துக்குத் திருப்புகின்றன. பழைய பிளாக் யாருக்கும் தேவையில்லை என்றால் அது விடுவிக்கப்படும். ஸ்னாப்ஷாட் என்பது அந்த விடுவிப்பைத் தடுக்கும் ஏற்பாடு. எதுவும் நகலெடுக்கப்படுவதில்லை, அந்த நொடியில் இருந்த மரம் அப்படியே பிடித்து வைக்கப்படுகிறது. அதனால்தான் எடுக்கும்போது இடமே பிடிப்பதில்லை, பின்னர் தரவு மாற மாறத்தான் அது கனக்கத் தொடங்குகிறது. இசட்எஃப்எஸ் ஒவ்வொரு பிளாக்குக்கும் அது பிறந்த பரிவர்த்தனையின் (எழுதும் சுற்றின்) எண்ணைக் குறித்து வைத்திருக்கிறது. நீங்கள் ஒரு கோப்பை நீக்கும்போது, அதன் பிளாக்குகள் கடைசி ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு பிறந்தவையா என்று பார்க்கிறது. பிறகு பிறந்தவை என்றால் உடனே விடுவிக்கிறது. முன்பே பிறந்தவை என்றால் தனிப் பட்டியலில் சேர்த்துக் காத்திருக்க வைக்கிறது. ஆக, இந்தத் தொழில்நுட்பத்தின் அடித்தளமே 'இதை அழிக்கலாமா, கூடாதா' என்ற கேள்விதான்.

லினக்ஸில் டிஸ்க் இடத்தைப் பிரித்து நிர்வகிக்கும் எல்விஎம்மின் பழைய ஸ்னாப்ஷாட்டுகள் வேறு வகை. அங்கே ஒரு பிளாக்கின் மேல் புதிதாக எழுதுவதற்கு முன், பழைய உள்ளடக்கத்தை ஒதுக்கி வைத்த தனிப் பகுதிக்கு நகலெடுக்க வேண்டும். எழுதும் வேகம் குறையும். அந்தத் தனிப் பகுதி நிரம்பிவிட்டால் ஸ்னாப்ஷாட் செல்லாததாகிவிடும். அதிலிருந்து எதையும் மீட்க முடியாது. எழுத்துவேலை அதிகமான இரவில், பேக்கப் மிகவும் தேவைப்படும் அதே இரவில், அது தானாகவே காணாமல் போகலாம். தரவை வெளியே எடுத்துச் செல்லும் அரை மணி நேரத்துக்குத் தற்காலிகமாக எடுத்துவிட்டு நீக்குவதற்கு அது நல்ல கருவி. மாதக்கணக்கில் வைத்திருக்க உகந்ததல்ல.

இந்த யோசனைக்கு நீண்ட வரலாறு உண்டு. பெல் ஆய்வகத்தின் பிளான் 9 இயங்குதளத்தில், கோப்புச் சர்வர் தினமும் காலை 5 மணிக்குத் தன் நிலையை ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய ஒளித்தட்டுகளில் பதிந்துவைத்தது. எந்த நாளின் கோப்புறைக்குள்ளும் பயனர் தாமாகவே நுழைந்து பார்க்கலாம். தட்டில் எழுதியதை அழிக்கவே முடியாது என்பதால் அழிப்பது யார் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. நெட்ஆப் நிறுவனத்தின் டேவ் ஹிட்ஸ், ஜேம்ஸ் லாவ், மைக்கேல் மால்கம் ஆகியோர் 1994இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, சாதாரண டிஸ்க்கிலேயே ஸ்னாப்ஷாட் எடுக்கும் முறையை விவரித்தது. சன் நிறுவனத்தில் ஜெஃப் பான்விக்கும் மேத்யூ ஆரன்ஸும் முன்னின்று உருவாக்கிய இசட்எஃப்எஸ் 2005இல் ஓப்பன்சோலாரிஸ் இயங்குதளத்தின் வழியாக வெளிவந்தது. கிறிஸ் மேசன் தொடங்கிய பிடிஆர்எஃப்எஸ் 2009இல் லினக்ஸ் கெர்னலுக்குள் வந்து சேர்ந்தது. எடுப்பது மலிவானதும் எண்ணிக்கை பெருகியது. அத்துடன் அழிப்பது நம் தலையில் விழுந்தது.

அது எப்படிப் பிரச்சினையாகும் என்பதை ஒரு காட்சியாகச் சொல்கிறேன். இரவில் டிஸ்க் 96 சதவீதம் நிரம்பிவிட்டது என்று எச்சரிக்கை வருகிறது. பொறுப்பில் இருப்பவர் உள்ளே போய்ப் பார்க்கிறார். ஒரு செயலி பிழைச் செய்திகளைக் கொட்டிக் கொட்டி 60 ஜிபி அளவுக்குப் பதிவுக் கோப்பு எழுதியிருக்கிறது. செயலியை நிறுத்துகிறார், கோப்பை நீக்குகிறார், மீண்டும் அளவைப் பார்க்கிறார். அதே 96 சதவீதம். கோப்புறை காலி, இடம் மட்டும் திரும்பவில்லை. மணிக்கொரு முறை எடுத்த ஸ்னாப்ஷாட்டுகள் அந்தக் கோப்பைப் பிடித்து வைத்திருக்கின்றன என்று புரிந்து அவற்றைப் பட்டியலிடுகிறார். ஒவ்வொன்றின் எதிரிலும் சில கிலோபைட்டுகள்தான் காட்டுகின்றன. மூன்று நான்கை அழித்தும் பார்க்கிறார். ஒன்றும் நகரவில்லை.

பட்டியல் பொய் சொல்லவில்லை. ஒரு ஸ்னாப்ஷாட்டின் எதிரே காட்டப்படும் அளவு, அது மட்டுமே தனியாகப் பிடித்து வைத்திருக்கும் இடம். அதே பிளாக் இன்னொரு ஸ்னாப்ஷாட்டிலும் இருந்தால் இரண்டின் கணக்கிலும் அது வராது. அந்த 60 ஜிபி பத்து ஸ்னாப்ஷாட்டுகளுக்குப் பொதுவானது என்றால், பத்தாவதை அழிக்கும்வரை ஒரு பைட்டும் திரும்பாது. பத்தாவது போனதும் மொத்தமாகத் திரும்பும். உண்மை நிலவரத்தைக் காட்டுவது, ஸ்னாப்ஷாட்டுகள் அனைத்தும் சேர்ந்து எவ்வளவு பிடித்திருக்கின்றன என்று அந்தத் தொகுதிக்கே (கோப்பு முறைமையில் தனியாகப் பிரித்து வைத்த பகுதிக்கே) தனியாக இருக்கும் கணக்கு. இசட்எஃப்எஸ்ஸில் அழிக்கும் கட்டளைக்கு ஒத்திகை முறையும் உண்டு: தொடக்க ஸ்னாப்ஷாட்டின் பெயருக்கும் இறுதி ஸ்னாப்ஷாட்டின் பெயருக்கும் நடுவே % குறியிட்டு, ஒத்திகைச் சுவிட்சையும் விவரச் சுவிட்சையும் (சுவிட்ச் என்பது கட்டளையோடு சேர்க்கும் விருப்பக் குறி) சேர்த்துக் கொடுத்தால், இந்த வரிசையை அழித்தால் எத்தனை ஜிபி திரும்பும் என்று சொல்லிவிட்டு எதையும் தொடாமல் நின்றுகொள்ளும். அந்த ஒத்திகையை ஓட்டாமல் நான் எந்த ஸ்னாப்ஷாட்டையும் கையால் அழிப்பதில்லை. நள்ளிரவுப் பதற்றத்தில் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடிக்கொண்டு அழிப்பவர் இடத்தையும் மீட்பதில்லை, வரலாற்றையும் இழக்கிறார்.

இந்தக் காட்சி நேராமல் தடுக்கும் இடம் டைமருக்கும் முந்தையது. தரவை எப்படிப் பிரித்து வைக்கிறோம் என்பதில்தான் அது இருக்கிறது. பதிவுக் கோப்புகள், தற்காலிகக் கோப்புகள், மறுபடி உருவாக்கிக்கொள்ளக்கூடிய கேஷ் ஆகியவை தனித் தொகுதியில் இருக்க வேண்டும். அங்கே ஸ்னாப்ஷாட் வேண்டாம், அல்லது ஓரிரு நாளுக்கு மேல் வேண்டாம். பயனர்கள் பதிவேற்றும் கோப்புகள் ஒரு தொகுதி. டேட்டாபேஸ் ஒரு தொகுதி. இயங்குதளம் தனி. ஒவ்வொன்றுக்கும் ஆயுள் வேறு. எல்லாவற்றையும் ஒரே தொகுதியில் கொட்டிவிட்டு, ஒரே கால அட்டவணையைப் போட்டால், மிகச் சீக்கிரம் மாறும் குப்பைதான் மிக அதிக இடத்தைப் பிடிக்கும். இடம் போதவில்லை என்று முதலில் குறைக்கப்படுவது நல்ல தரவின் ஆயுளாக இருக்கும்.

பிடிஆர்எஃப்எஸ் பயன்படுத்துகிறவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். அங்கே ஒரு துணைத்தொகுதியை ஸ்னாப்ஷாட் எடுத்தால், அதற்குள் இருக்கும் மற்ற துணைத்தொகுதிகள் கூட வருவதில்லை. ஸ்னாப்ஷாட்டுக்குள் போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் வெறும் கோப்புறைதான் இருக்கும். வேண்டாததை விலக்க இது வசதியான வழி. ஆனால் சில மென்பொருள்கள் கேட்காமலேயே துணைத்தொகுதிகளை உருவாக்கிக்கொள்கின்றன. கன்டெய்னர்களை நடத்தும் டாக்கர் அப்படிச் செய்யக்கூடியது. எனவே சர்வரில் உள்ள துணைத்தொகுதிகளின் பட்டியலை அவ்வப்போது அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

அடுத்து ஆயுள். எத்தனை வைத்திருப்பது? இந்தக் கேள்விக்கு டிஸ்க்கின் அளவைப் பார்த்துப் பதில் சொல்கிறவர்கள் அதிகம். எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. இழப்பு எப்போது கண்ணில் படும் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். தவறுதலாக நீக்கிய கோப்பு சில நிமிடங்களிலோ மறுநாளோ தெரிந்துவிடும். அதற்கு மணிக்கணக்கான ஸ்னாப்ஷாட்டுகள். மென்பொருள் மேம்படுத்தலில் வந்த கோளாறு ஒரு வாரத்தில் தெரியும், அதற்கு நாள்கணக்கு. கணக்குப் பதிவேட்டின் ஒரு பகுதியைச் சத்தமில்லாமல் கெடுத்துக்கொண்டிருந்த நிரல் மாத இறுதி அறிக்கை வரும்போதுதான் பிடிபடும், அதற்கு மாதக்கணக்கு. இசட்எஃப்எஸ்ஸுக்காக எழுதப்பட்ட சனாய்டு என்ற கருவியோடு வரும் நிஜப் பயன்பாட்டுச் சர்வருக்கான வார்ப்புரு மணிக்கொன்றாக 36 ஸ்னாப்ஷாட்டுகள், 30 தினசரி, 3 மாதாந்திரம் என்று வைத்திருக்கிறது. பெரும்பாலான இடங்களுக்கு அது நல்ல தொடக்கம். 36 என்ற எண் எனக்குப் பிடிக்கும்: நேற்று பிற்பகலில் நடந்ததை இன்று மாலை உணர்ந்தாலும் மணி துல்லியத்தோடு பின்னோக்கிப் போகலாம்.

ஆயுளை நீட்டிக்கொண்டே போவதும் தவறு. ஒருவர் தன் கணக்கை நீக்கச் சொன்னால், நடப்பு டேட்டாபேஸிலிருந்து அவருடைய விவரம் போய்விடும். ஸ்னாப்ஷாட்டுகளில் அது அப்படியே இருக்கும். அமைப்புக் கோப்பில் யாரோ எழுதிவிட்டு எடுத்த கடவுச்சொல்லும் அப்படித்தான். 'எங்கள் எல்லா நகல்களிலிருந்தும் இத்தனை நாளில் போய்விடும்' என்று பயனரிடம் நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்றால், ஆயுளுக்கு எல்லை இருக்க வேண்டும், அந்த எல்லை உண்மையிலேயே நடைமுறையில் இருக்க வேண்டும். பழைய ஆண்டுகளின் பதிவுகளை வைத்திருக்கும் கடமை இருந்தால் அதற்கு ஆவணக் காப்பகம் தனியாக வேண்டும். ஸ்னாப்ஷாட்டை அதற்குப் பயன்படுத்தினால் இரண்டும் கெடும்.

அழிக்கும் நிரலை எழுதும்போது வயதை மட்டும் பார்க்கக் கூடாது. '30 நாளுக்கு மேற்பட்ட அனைத்தையும் அழி' என்ற வரி பார்க்க ஒழுங்காக இருக்கிறது. எடுக்கும் நிரல் ஏதோ காரணத்தால் நின்றுவிட்டது, அழிக்கும் நிரல் மட்டும் தொடர்ந்து ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒன்றாக அழித்துக்கொண்டே வந்து, 30 நாள் கழித்துக் கடைசி ஸ்னாப்ஷாட்டையும் அது கடமை தவறாமல் அழித்துவிடும். சர்வரின் கடிகாரம் ஏதோ ஒரு கோளாறால் ஆண்டுகள் தாண்டிக் குதித்தால் ஒரே ஓட்டத்தில் அனைத்தும் போய்விடும். ஆகவே வயது கடந்திருக்க வேண்டும், அதோடு அதைவிடப் புதியவை வேண்டிய எண்ணிக்கையில் இருக்கவும் வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் அழிக்கலாம். ஒரே ஓட்டத்தில் இத்தனைக்கு மேல் அழிக்க நேர்ந்தால் நின்று மனிதரைக் கூப்பிடு என்ற உச்சவரம்பையும் நான் சேர்த்துவிடுவேன். வயதை ஸ்னாப்ஷாட்டின் பெயரிலிருந்து பிரித்தெடுக்காமல், கோப்பு முறைமை தானே பதிந்து வைத்திருக்கும் உருவான நேரத்திலிருந்து எடுப்பது நல்லது. பெயரில் எழுதும் நேரம் ஒருங்கிணைந்த உலக நேரமாக இருக்கட்டும். கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே மணி இரண்டு தடவை வரும், உள்ளூர் நேரத்தில் பெயரிட்டால் அன்று பெயர்கள் மோதிக்கொள்ளும்.

எடுக்கும் நிரல் சத்தமில்லாமல் நிற்பது அரிதான விஷயமா? குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் பழைய கருவியான க்ரானைப் பயன்படுத்துகிறவர்களுக்குத் தெரியும், அதற்கு ஒரு எழுத்தே போதும். ஸ்னாப்ஷாட் பெயரில் தேதியைச் சேர்க்க, தேதிக் கட்டளையில் % குறிகளோடு வடிவத்தை எழுதுகிறோம். முனையத்தில் ஓட்டிப் பார்த்தால் அருமையாக வேலை செய்கிறது. அதே வரியை க்ரான் அட்டவணையில் ஒட்டினால் வேலை செய்யாது. க்ரான் % குறியைப் புதிய வரியாக எடுத்துக்கொள்ளும். முதல் குறியோடு கட்டளை அறுந்துபோகும், மிச்சம் உள்ளீடாகத் தள்ளப்படும். ஒவ்வொரு % குறிக்கும் முன்னால் பின்சாய்கோடு போட வேண்டும். அதைச் சரிசெய்தாலும் அடுத்தது காத்திருக்கும்: க்ரான் நிரல்களைத் தேடும் பாதை மிகக் குறுகியது, நிர்வாகக் கட்டளைகள் இருக்கும் கோப்புறை அதில் பல நேரம் இருக்காது. கட்டளையின் முழுப் பாதையையும் எழுத வேண்டும். இரண்டு தவறுகளுக்கும் பிழைச் செய்தி மின்னஞ்சலாகத்தான் போகும். அந்த அஞ்சலைச் சர்வரில் யாரும் திறப்பதில்லை.

இதனால்தான் லினக்ஸில் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியின் டைமரை நான் விரும்புகிறேன். ஒவ்வொரு ஓட்டமும் பதிவேட்டில் நிற்கிறது. தோற்றால் இன்னொரு சேவையைக் கூப்பிடு என்று சொல்ல முடிகிறது. சர்வர் அணைந்திருந்தபோது தவறிய ஓட்டத்தை, மீண்டும் எழுந்ததும் ஓட்டச் சொல்லும் வசதியும் இருக்கிறது. எடுப்பதற்கும் அழிப்பதற்கும் தனித்தனிச் சேவைகள் எழுதி, எடுக்கும் சேவை வெற்றி பெற்ற பிறகே அழிக்கும் சேவை ஓடும்படி கட்டிவிடலாம்.

டேட்டாபேஸைப் பற்றிச் சுருக்கமாக. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸை எடுத்த ஸ்னாப்ஷாட், திடீரென்று மின்சாரம் அறுந்தால் அந்த நொடியில் டிஸ்க்கில் இருக்கும் நிலையைத்தான் காட்டும். போஸ்ட்கிரெஸ் போன்றவை அந்த நிலையிலிருந்து தாமாகவே எழுந்துகொள்ளும்படி எழுதப்பட்டவை. மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பரிவர்த்தனைப் பதிவை மறுபடி ஓட்டிச் சரியாகிவிடும். ஒரே நிபந்தனை, தரவும் பரிவர்த்தனைப் பதிவும் ஒரே நொடியில் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டையும் வேறு வேறு தொகுதிகளில் வைத்து ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தால் அது பயன்படாது. இசட்எஃப்எஸ்ஸில் மேல்தொகுதியில் இருந்து கீழ்த்தொகுதிகள் அனைத்தையும் சேர்த்து எடுக்கும் சுவிட்ச் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் பிடிக்கிறது.

இதுவரை சொன்னது முழுவதும் ஒரே சர்வருக்குள். அந்த டிஸ்க்குகள் எரிந்தால் ஸ்னாப்ஷாட்டுகளும் எரியும். ஒரு பிளாக் கெட்டால் அதைப் பகிரும் அத்தனை ஸ்னாப்ஷாட்டுகளிலும் அது கெட்டதுதான். எனவே இன்னொரு இயந்திரத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும். இசட்எஃப்எஸ்ஸில் இரண்டு ஸ்னாப்ஷாட்டுகளுக்கு இடையே மாறிய பிளாக்குகளை மட்டும் ஓடையாக அனுப்பி மறுபுறம் பெற்றுக்கொள்ளலாம். கோடிக்கணக்கான கோப்புகள் இருந்தாலும் ஒவ்வொன்றாக ஒப்பிடத் தேவையில்லை. பிளாக் பிறந்த எண்ணைப் பார்த்தே எது புதிது என்று தெரிந்துவிடும். ஒருமுறை இதைக் கண்டவர்களுக்குக் கோப்புகளை வரிசையாக நடந்து பார்க்கும் பழைய முறைக்குத் திரும்ப மனம் வராது.

இங்கேயும் அழிப்பதுதான் கழுத்தைப் பிடிக்கிறது. மாற்றங்களை மட்டும் அனுப்ப வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் பொதுவான ஒரு ஸ்னாப்ஷாட் இருக்க வேண்டும். பேக்கப் சர்வருக்கான இணைப்பு சில நாள் அறுந்திருக்கும்போது, மூலச் சர்வரின் அழிக்கும் நிரல் அந்தப் பொதுவான ஸ்னாப்ஷாட்டை ஆயுள் முடிந்தது என்று நீக்கிவிட்டால், இணைப்பு திரும்பியதும் முழுத் தரவையும் முதலிலிருந்து அனுப்ப வேண்டும். பத்து டெராபைட்டைக் குறுகிய இணைப்பில் மறுபடி அனுப்புவது வாரக்கணக்கான வேலை. இதற்கு இசட்எஃப்எஸ்ஸில் இரண்டு வழிகள். ஸ்னாப்ஷாட்டின் மேல் பிடிப்பு ஒன்றைப் போட்டுவிட்டால், பிடிப்பை எடுக்கும்வரை யார் அழிக்கச் சொன்னாலும் அழியாது. இன்னொன்று புத்தகக்குறி: தரவைப் பிடித்து வைக்காமல், அந்தக் கணத்தின் எண்ணை மட்டும் நினைவில் வைத்திருக்கும். மூலப்பக்கத்தில் புத்தகக்குறி மட்டும் இருந்தாலே போதும், அங்கிருந்து இன்றுவரையிலான மாற்றங்களை அனுப்பிவிடலாம். இடம் நெருக்கடியான சர்வர்களுக்குப் புத்தகக்குறி பெரிய வரம்.

பெறும் பக்கத்தில் அந்தத் தொகுதியைப் படிக்க மட்டும் என்று அமைக்க வேண்டும். அங்கே தனியாக ஸ்னாப்ஷாட் எடுக்கக் கூடாது, அழிப்பது மட்டும் தன் சொந்த அட்டவணைப்படி நடக்க வேண்டும். மூலம் 3 மாதம் வைத்திருந்தால் பேக்கப் ஓராண்டு வைத்திருக்கலாம். இரண்டின் ஆயுளும் ஒன்றையொன்று சாராமல் இருப்பதுதான் உயிர்நாடி. இதைக் கெடுக்கும் ஒரு சுவிட்ச் உண்டு. முழு மரத்தையும் பிரதியெடுத்து அனுப்பும் முறையில், பெறும் கட்டளையோடு வலுக்கட்டாயச் சுவிட்சைச் சேர்த்தால், அனுப்பும் பக்கத்தில் இல்லாத ஸ்னாப்ஷாட்டுகளையும் தொகுதிகளையும் பெறும் பக்கத்தில் அழித்துவிடும். கையேட்டில் இது தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஏதாவது பிழை வரும்போது 'இந்தச் சுவிட்சைச் சேர், சரியாகிவிடும்' என்று யாரோ சொல்ல, அது நிரலில் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. பிறகு மூலச் சர்வரில் ஒருவர் ஒரு தொகுதியை நீக்கினால், அந்த இரவே பேக்கப்பும் அதைப் பணிவோடு நீக்கும்.

இங்கே எண்ணிப் பார்க்க வேண்டியது அதிகாரம். மூலச் சர்வர் பேக்கப் சர்வருக்குள் ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள கணக்கில், நுழைந்து தள்ளும்படி அமைத்திருந்தால், மூலச் சர்வரைக் கைப்பற்றியவர் கையில் பேக்கப்பும் இருக்கிறது. தரவைப் பூட்டிப் பணம் பறிக்கும் கும்பல்களின் மென்பொருள்கள் விண்டோஸ் இயந்திரங்களில் நிழல் நகல்களை (விண்டோஸின் ஸ்னாப்ஷாட்டுகளை) அழித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகின்றன என்பது தெரிந்த செய்தி. எனவே நான் எப்போதும் இழுக்கும் முறையையே வைக்கிறேன். பேக்கப் சர்வர் மூலச் சர்வருக்குள் குறைந்த அதிகாரமுள்ள கணக்கில் வந்து தரவை எடுத்துச் செல்லும். மூலச் சர்வருக்கு மறுபக்கம் போகும் வழியே இருக்காது. இசட்எஃப்எஸ்ஸில் அதிகாரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம். அனுப்பும் கணக்குக்கு அனுப்பவும் பிடிப்புப் போடவும் உரிமை. அழிக்கும் உரிமை கிடையாது. இதை அமைத்ததும் அந்தக் கணக்கிலேயே நுழைந்து ஒரு சோதனை ஸ்னாப்ஷாட்டை அழிக்க முயன்று பார்க்கிறேன். அனுமதி மறுக்கப்பட்டது என்ற செய்தியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் திட்டங்களின் நிரல்களைச் சேமித்து வைக்கும் இணையச் சேவையான கிட்லேப்பில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்த நிறுவனமே எல்லாவற்றையும் விரிவாக வெளியிட்டது. டேட்டாபேஸ் பிரதியைச் சரிசெய்ய முயன்ற பொறியாளர், இரண்டாம் சர்வர் என்று எண்ணி முதன்மைச் சர்வரின் தரவுக் கோப்புறையை நீக்கிவிட்டார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மிஞ்சியபோதுதான் நிறுத்த முடிந்தது. வழக்கமான பேக்கப்பைத் தேடினால் அது நீண்ட நாளாகவே ஓடவில்லை: பேக்கப் கருவியின் பதிப்பும் டேட்டாபேஸின் பதிப்பும் பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்கள் அஞ்சல் சரிபார்ப்பு விதிகளால் நிராகரிக்கப்பட்டு யாரையும் அடையவில்லை. சோதனைச் சூழலுக்காகச் சுமார் ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்திருந்த எல்விஎம் ஸ்னாப்ஷாட்தான் அவர்களைக் கரைசேர்த்தது. அப்படியும் அந்த ஆறு மணி நேரத்தில் உருவான சுமார் 5,000 திட்டங்கள், 5,000 கருத்துகள், 700 புதிய கணக்குகள் போயின. தானியங்கி அமைப்புகள் கைவிட்ட இடத்தில் ஒருவர் தற்செயலாக எடுத்தது காப்பாற்றியிருக்கிறது. தற்செயலை நம்பி யாரும் சர்வர் நடத்த முடியாது.

எனவே கண்காணிப்பு. 'தோற்றால் சொல்' என்ற முறையில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. சொல்கிற வழியும் சேர்ந்து தோற்கலாம். பேக்கப் சர்வரில் வந்து சேர்ந்திருக்கும் கடைசி ஸ்னாப்ஷாட்டின் வயது என்ன என்று மூன்றாவது ஓர் இயந்திரம் கேட்க வேண்டும். அந்த வயது எல்லையைத் தாண்டினாலும், பதிலே வராவிட்டாலும் மணி அடிக்க வேண்டும். இந்த ஒரு கேள்வி டைமர், கட்டளை, இணைப்பு, இடம், அதிகாரம் எல்லாவற்றையும் ஒரே அடியில் சோதித்துவிடுகிறது. ஸ்னாப்ஷாட்டுகளின் எண்ணிக்கை ஒரே நாளில் சரிந்தாலும் மணி அடிக்க வேண்டும். அது அழிக்கும் நிரல் தறிகெட்டதற்கான அடையாளமாகவோ, வேறு யாரோ உள்ளே இருப்பதற்கான அடையாளமாகவோ இருக்கலாம்.

மீட்கும் நாளில் கை முதலில் தேடும் கட்டளை பின்னோக்கி உருட்டுவது. பழைய ஸ்னாப்ஷாட்டுக்கு முழுத் தொகுதியையும் திருப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். இசட்எஃப்எஸ்ஸில் அப்படி உருட்டினால், அந்த ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு எடுத்தவை அனைத்தும் அழியும். அதற்குச் சம்மதம் தரும் சுவிட்சைக் கேட்டுத்தான் செய்யும் என்றாலும், பதற்றத்தில் இருப்பவர் அதையும் சேர்த்துவிடுவார். என் குழுவில் இருப்பவர்களுக்கு நான் கற்றுக்கொடுப்பது வேறு வழி. ஒவ்வொரு தொகுதியின் உச்சியிலும் புள்ளியில் தொடங்கும் இசட்எஃப்எஸ் (.zfs) என்ற கோப்புறை இருக்கிறது. இயல்பான அமைப்பில், மறைந்த கோப்புகளையும் காட்டச் சொல்லிப் பட்டியலிட்டாலும் அது தெரியாது. பெயரைச் சொல்லி நுழைந்தால் திறக்கும். உள்ளே ஸ்னாப்ஷாட் கோப்புறை, அதற்குள் ஒவ்வொரு மணியும் ஒரு கோப்புறையாக வரிசையில் நிற்கும். வேண்டிய மணிக்குள் போய், வேண்டிய கோப்பை நடப்பு இடத்துக்கு நகலெடுத்துக்கொண்டு வரலாம். எதுவும் அழியவில்லை. கோப்பு எந்த மணியில் கெட்டது என்று இரண்டு ஸ்னாப்ஷாட்டுகளை ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியும். டேட்டாபேஸ் போன்ற பெரியதை மீட்க வேண்டும் என்றால் ஸ்னாப்ஷாட்டிலிருந்து குளோன் ஒன்றை, அதாவது எழுதவும் கூடிய தனித் தொகுதியை, உருவாக்கலாம். அதுவும் நொடியில் முடியும், தொடக்கத்தில் இடமும் பிடிக்காது. அதன்மேல் டேட்டாபேஸை வேறொரு போர்ட்டில் எழுப்பி, சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

இதே குளோன் வழியைத்தான் மாதாந்திரச் சோதனைக்கும் பயன்படுத்துகிறேன். பேக்கப் சர்வரில் கடைசி ஸ்னாப்ஷாட்டைக் குளோன் செய்து, டேட்டாபேஸை எழுப்பி, மிகச் சமீபத்திய பதிவின் நேரத்தைக் கேட்டு, அது எதிர்பார்த்த அளவுக்குப் புதிதா என்று பார்த்து, குளோனை நீக்கும் ஒரு சிறிய நிரல். அதோடு டிஸ்க்கில் தரவு உள்ள ஒவ்வொரு பிளாக்கையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப்பும் மாதம் ஒருமுறை இரண்டு பக்கமும் ஓடுகிறது.

கடைசியாகக் குறியாக்கம், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தரவைப் பூட்டுவது. இசட்எஃப்எஸ்ஸில் குறியாக்கம் செய்த தொகுதியைத் திறக்காமலேயே மூல வடிவில் அனுப்பலாம்; பேக்கப் சர்வருக்குச் சாவி தெரிய வேண்டியதில்லை. பேக்கப் இயந்திரம் பிறர் பொறுப்பில் இருக்கும்போது இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் சாவி மூலச் சர்வரில் மட்டும் இருந்து, அந்தச் சர்வர் போய்விட்டால், ஓராண்டு வரலாறும் ஒரே நொடியில் அழிந்ததற்குச் சமம். சாவியைத் தாளில் அச்சிட்டு, ஒன்றுக்கொன்று தொலைவான இரண்டு இடங்களில், இரண்டு பேர் பொறுப்பில் வைக்கிறோம். சாவியை ஏற்றும் கட்டளைக்கும் ஒத்திகைச் சுவிட்ச் உண்டு: தொகுதியைத் திறக்காமல், கொடுத்த சாவி சரியா என்று மட்டும் சொல்லும். ஒவ்வொரு காலாண்டும் அந்த இருவரில் ஒருவர் தாளைப் பிரித்து, அதில் இருப்பதைக் கையால் தட்டி, பேக்கப் தொகுதியின்மேல் அந்த ஒத்திகையை ஓட்டுகிறார். நம்பகமான மடிக்கணினி ஒன்றில் டிஸ்க்கை இணைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும். பிறர் பொறுப்பில் இருக்கும் பேக்கப் சர்வரில் சாவியைத் தட்டக் கூடாது.